நாலு ஸ்க்ரூவில் மேல் வரிசைப் பல் முழுக்க நிற்குமா?

அம்மாவுக்கு 64 வயது, மேல் தாடையில் நாலே இம்ப்ளான்ட் (எலும்பில் திருகுகிற ஸ்க்ரூ) வைத்து முழு வரிசையும் பல் கட்டலாம் என்கிறார்கள், ஆடாமல் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும். ஆனால் வைத்த அன்றைக்கு இறுக்கமாக இருந்தது என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதை நம்பித்தான் ஏமாந்தோம்.

அப்பாவுக்கு அப்போது 68. அம்பாசமுத்திரத்தில் கடை, நாற்பது வருஷ வெற்றிலை புகையிலை, சர்க்கரை வேறு. பாளையங்கோட்டையில் ஒரு கிளினிக்கில் டிசம்பர் கடைசியில் நாலு டைட்டானியம் ஸ்க்ரூ வைத்தார்கள். பின்பக்கத்து இரண்டும் சாய்வாக இருக்கும். கன்னத்துக்கு உள்ளே இருக்கிற சைனஸ் காற்றுக் குழியில் இடிக்காமல் முன்னால் இருக்கிற எலும்பைப் பிடிக்க. ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு முளையைத் திருகி, பேனா மாதிரி ஒரு கருவியைத் தொடாமல் பக்கத்தில் காட்டினார் டாக்டர். எண் வந்தது: 74, 71, 72. வலது கடைசிக்கு மட்டும் 58. ஒன்றிலிருந்து நூறு வரை போகிற அளவு அது. 70க்கு மேல் என்றால் நல்ல பிடிப்பு. "இது கொஞ்சம் குறைவு, நாலஞ்சு மாசம் பொறுத்துக் கட்டலாமே" என்றார். தையில் தங்கை கல்யாணம். உடனே கட்டச் சொன்னது நாங்கள்தான், அவரைக் குறை சொல்லமாட்டேன்.

முதல் நாள் இருப்பது மரத்தில் திருகிய ஸ்க்ரூவின் பிடிப்பு. அப்புறம் சுற்றியுள்ள எலும்பு கொஞ்சம் கரைந்து, புது எலும்பு வளர்ந்து டைட்டானியத்தோடு ஒட்ட வேண்டும். பழைய பிடி தளர்ந்து புதுசு இன்னும் கெட்டிப்படாத மூன்றாவது, நாலாவது வாரம்தான் கண்டம். அந்த நேரத்தில் ஸ்க்ரூ அசைந்துகொண்டே இருந்தால் எலும்புக்குப் பதில் நார்ச்சதை வளர்ந்துவிடும். மேல் தாடை எலும்பு கீழ்த் தாடையைவிட மெத்தென்று இருப்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

உளுந்தங்களியும் குழைந்த சோறுமாக அப்பா ஒழுங்காகத்தான் இருந்தார். பொங்கலுக்கு மறுநாள் பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கை நார் உரித்துக் கடித்துக்கொண்டிருக்கிறார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் கடித்துச் சாப்பிடுகிற மனுஷரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து, "வலி ஒண்ணும் இல்லலே, அந்தப் பக்கம் கடிச்சா மெத்துன்னு இருக்கு" என்றார். நாலும் ஒரே சட்டத்தில் இணைந்திருப்பதால் வெளியே ஆட்டம் தெரியவில்லை. பல் வரிசையைக் கழற்றினதும் அந்த ஒன்று மட்டும் விரலோடு சுற்றியது. எடுத்துவிட்டு, எலும்பு ஆறக் காத்திருந்து, பக்கத்தில் வேறொன்று வைத்தார்கள். இந்தத் தடவை ஐந்து மாசம் பொறுத்தோம்.

மலிவான சரக்கு என்று சொல்ல வருகிறவர்களுக்கு: மற்ற மூன்றும் அதே கம்பெனிதான், நாலு வருஷமாக அசையவில்லை.

இதைவிட வலித்தது அத்தை சொன்னது. "இந்த வயசுல பல்லு கெட்டி என்னத்துக்குலே, அந்தத் துட்டுக்குப் பிள்ளைக்கு ரெண்டு பவுன் போட்டிருக்கலாம்லா?" அப்பா கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பந்தியில் அவர் சாம்பார் சோற்றோடு எழுந்துவிட்டார். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சொன்னால் அம்மா காதில் விழவிடாதீர்கள்.

நாலு எண்ணையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சர்க்கரை மூன்று மாத அளவு எவ்வளவு, நிரந்தரப் பல் வரிசை எப்போது என்பதையும் கேளுங்கள். எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.