நீரோவிடம் பிடில் ஏது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ரோமாபுரியைப் பற்றியவை. பள்ளி விடுமுறைக்கு ஊர் சுற்றக் கிளம்புகிறீர்கள் போலிருக்கிறது. புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பேராசிரியை இல்லை. பினாங்குத் துறைமுகக் கிட்டங்கியில் 31 வருடம் கிராணியாக இருந்தவள். சரக்குச் சீட்டைப் பார்த்த கண்ணால்தான் சரித்திரத்தையும் பார்க்கிறேன்.

*அக்கா, “ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான்” என்று என் மகள் பேச்சுப் போட்டியில் சொல்லப் போகிறாள். சொல்லலாமா?*
— வாசகி, சுங்கைப் பட்டாணி

வேண்டாம். ரோம் எரிந்தது கி.பி. 64-இல். பிடில் இன்றைய உருவத்துக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில். நீரோ கையில் இருந்திருக்கக்கூடியது யாழ் மாதிரி ஒரு நரம்புக் கருவி.

சரி, அதையாவது வாசித்தானா? டாசிட்டஸ் என்பவர் தீப்பிடித்த காலத்தில் சின்னப் பையன். பெரியவராகி எழுதும்போது, நீரோ அப்போது ஊரிலேயே இல்லை, ஆன்டியம் என்ற கடலோர ஊரில் இருந்தான் என்கிறார். திரும்பி வந்தவன் வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானிய விலையைக் குறைத்தான் என்றும் எழுதுகிறார். அரண்மனை மேடையில் ஏறிப் பாடினான் என்ற பேச்சை வதந்தி என்றே குறிக்கிறார். காசியஸ் டியோ என்ற இன்னொரு சரித்திர ஆசிரியரோ ‘பாடினான்’ என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் அவர் எழுதியது சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து. ஜெலுத்தோங்கில் நடந்த வாய்ச்சண்டை பாயான் லெப்பாஸ் போய்ச் சேர்வதற்குள் வெட்டுக்குத்து ஆகிவிடுவதில்லையா, அந்தக் கதைதான்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். டாசிட்டஸுக்கு நீரோவைக் கண்டாலே ஆகாது. ஆகாதவர் வாயிலிருந்து வரும் நல்ல வார்த்தைக்கு எடை அதிகம்.

*மகனுடன் ரோமில் இரண்டு நாள் இருக்கப் போகிறேன். கொலோசியத்துக்குச் சீட்டு வாங்கியாகிவிட்டது. வேறு ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.*
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். உள்ளே போகுமுன் முகப்பைப் பாருங்கள். “லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டியது” என்று லத்தீனில் பெரிதாகப் பொறித்திருக்கும். அக்ரிப்பா மூன்றாம் முறை அந்தப் பதவி வகித்தது கி.மு. 27-இல். அப்படியானால் கட்டடத்தின் வயது தெரிந்துவிட்டது என்றுதான் நினைப்போம். ஆனால் 1892-இல் ஜார்ஜ் ஷெதான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சுவர்ச் செங்கற்களை ஆராய்ந்தார். சூளைக்காரர்கள் ஈரச் செங்கல்லில் குத்திய முத்திரைகள் ஹாட்ரியன் சக்கரவர்த்தியின் காலத்தைக் காட்டின. அதாவது ஏறக்குறைய 150 வருடம் பிந்தி. அக்ரிப்பா கட்டியது கி.பி. 80-இல் தீயில் போயிற்று. பிறகு எழுப்பியவர்கள் பழைய பெயரையே முகப்பில் வைத்தார்கள். ஜார்ஜ்டவுனில் கடை மூன்று கை மாறிய பிறகும் தாத்தா காலத்துப் பெயர்ப்பலகை தொங்குமே, அப்படி.

முதலாளி பெயரைச் சீட்டில் யாரும் எழுதலாம். மூட்டையில் குத்திய முத்திரையைப் பார் என்று என் முதல் மேலாளர் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் ரோமைப் பார்த்ததே இல்லை.

நான் போன அன்று மழை. 43 மீட்டர் அகலக் குவிமாடத்தின் உச்சியில் ஒரு வட்டத் திறப்பு. அதன் வழியே மழை நேராக உள்ளே விழுந்தது. குழுவில் எல்லாரும் தலையை அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். கிட்டங்கிக் கூரை ஒழுகி எத்தனை மூட்டை நாசமாகப் பார்த்திருக்கிறேன்! இங்கே தரை லேசாக மேடிட்டிருக்கிறது. சின்னச் சின்னத் துளைகளில் தண்ணீர் சத்தமில்லாமல் வடிந்துவிட்டது. வழிகாட்டி எங்களுக்குக் கொடுத்தது 20 நிமிடம். பாவி மனிதர். நீங்கள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

*பிரான்சில் கார்க்கசோன் கோட்டைக்குப் போய் வந்தோம். 700 வருடத்துக்கு முந்தைய காற்றையே சுவாசித்த மாதிரி இருந்தது!*
— வாசகி, ஈப்போ

மதில் பழையதுதான். கோபுரங்களின் கூர்மையான கூரைகள் 19-ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துய்க் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தபோது வைத்தவை. தெற்கில் அப்படிக் கரும்பலகைக் கல் வேய மாட்டார்கள் என்று அப்போதே சண்டை போட்டார்கள். இதற்காக உங்கள் படங்களை அழித்துவிட வேண்டாம்.

*பழைய ஆவணங்களிலேயே போலி உண்டு என்கிறார்களே, பிறகு எதை நம்புவது?*
— வாசகர், பட்டர்வொர்த்

எனக்குப் பிடித்த கேள்வி. போலிகளிலேயே பெரிய போலி, கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி ரோமையும் மேற்குப் பகுதி முழுவதையும் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்லும் சாசனம். கான்ஸ்டன்டைன் வாழ்ந்தது 4-ஆம் நூற்றாண்டில். அந்தப் பத்திரம் எழுதப்பட்டதோ 8-ஆம் நூற்றாண்டில். இடைக்காலம் முழுக்க அதைக் காட்டி வழக்காடினார்கள். 1440-இல் லொரென்ஸோ வல்லா என்ற இத்தாலியர் அதன் லத்தீனைச் சொல் சொல்லாகப் பிரித்துப் போட்டார். ரோமில் இல்லாத ‘சத்ரப்’ என்ற பாரசீகப் பதவி இதில் எப்படி வந்தது? கான்ஸ்டான்டிநோபிள் என்ற நகரமே எழும்பாத காலத்தில் அதற்கு மதகுரு பீடம் எங்கிருந்து வந்தது?

ஒரு தடவை எங்களிடம் ஒரு பில் வந்தது. தேதி ஜனவரி. தலைப்பில் அந்தக் கம்பெனியின் புதுப் பெயர். பெயர் மாற்றியதோ ஏப்ரலில். கையெழுத்து, முத்திரை எல்லாம் கச்சிதம். தேதி மட்டும் காட்டிக்கொடுத்தது. வல்லாவைப் படித்தபோது அந்த பில்தான் ஞாபகம் வந்தது.

அதற்காகப் போலியைக் குப்பையில் போடாதீர்கள். 4-ஆம் நூற்றாண்டுக்கு அது சாட்சி ஆகாது. 8-ஆம் நூற்றாண்டில் யாருக்கு என்ன தேவைப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

*ஐரோப்பா போக வசதியில்லை. பென்ஷன் பணம். ரோமைப் பற்றி ஆசை மட்டும் இருக்கிறது.*
— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

நானும் அறுபது வயது வரை அப்படித்தான் இருந்தேன் ஐயா. நம்மிடம் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். அகநானூறு 149-ஆம் பாட்டில் யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர், மரக்கலம் முசிறிக்குப் “பொன்னொடு வந்து கறியொடு பெயரும்” என்று வருகிறது. கறி என்றால் மிளகு. இது நம் பக்கத்துச் சாட்சி. எதிர்ப்பக்கத்துச் சாட்சி வியன்னாவில் இருக்கிறது: 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஒன்று, கிரேக்க மொழியில். ஒரு பக்கம் முசிறி வணிகத்துக்கு வாங்கிய கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கைச் சடாமாஞ்சில் என்ற வாசனை வேர் 60 பெட்டி, யானைத் தந்தம். செங்கடல் துறையிலிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, பிறகு நைல் நதி வழியே அலெக்சாந்திரியா. வழியெல்லாம் கிட்டங்கியில் பூட்டி முத்திரை வைக்க வேண்டும். சுங்கம் நாலில் ஒரு பங்கு. அதன் மொழிபெயர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது நான் தட்டச்சு செய்த தாள்தானே!

மூன்றாவது சாட்சி மண்ணுக்குள் இருந்தது. செங்கடல் கரையில் பெரனிகே என்ற துறையில், கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியப் பானையில் ஏழரைக் கிலோ மிளகு. பாட்டு, பத்திரம், பானை மூன்றும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை இல்லை; அதனால்தான் நம்புகிறேன். கி.பி. 408-இல் கோத் படைத் தலைவன் அலாரிக் ரோமை வளைத்துக்கொண்டு, விலகிப் போவதற்குப் பொன் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டதாகச் சோசிமஸ் என்ற சரித்திர ஆசிரியர் எழுதுகிறார். மிளகுத் தோட்டம் போட்ட தீவில் இருந்துகொண்டு இதைப் படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

இடம் பார்க்க வேண்டுமென்றால் கெடா மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ரோம் இல்லை, ஆனால் கண்ணைப் பழக்கலாம். புக்கிட் பத்து பஹாட் சண்டி (பழங்காலக் கோயில்) தன் இடத்திலேயே திரும்ப அடுக்கப்பட்டது. அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ளவற்றில் சில வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. எது எது என்று பலகையைப் படித்துக் கண்டுபிடியுங்கள்.

இன்னும் வடக்கே, தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்ற மணிமேடு. ரோமானியப் பாணியில் உருவம் செதுக்கிய சிவப்புக் கற்கள் அங்கே கிடைத்தன. ஒரு தட்டானின் உரைகல்லும் கிடைத்தது. அதில் தமிழ் பிராமியில் “பெரும்பதன் கல்” என்று எழுதியிருக்கிறது. தன் சாமானில் பெயர் எழுதிவைத்த மனிதர். வேன் பிடித்து ஹாட்யாய் வழியாகப் போகலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத் தவணை மீதமிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.