பாவு மெஷினில் ஷாக்: எர்த் மட்டும் போதாது

சேலம் அம்மாபேட்டையில் பாலியஸ்டர் பாவு (தறிக்கான நீளவாக்கு நூல்) ஓட்டும்போது ஷாக் அடிக்கிறது, எர்த் கொடுத்தும் நூல் ஒட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில், எந்த ஷாக் என்று பாருங்கள். சுள்ளென்று ஒரே முறை அடித்து நின்றால் நிலை மின்சாரம். ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்தாலும் மின்னூட்டம் மிகக் குறைவு, கண்ணிமைக்கும் முன் தீர்ந்துவிடும். கை வைத்திருக்கும்வரை விடாமல் இழுத்தால் அது மோட்டார் கசிவு. உடனே மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

எர்த் மெஷினின் இரும்புச் சட்டத்தில் ஏறிய மின்னூட்டத்தைத்தான் இறக்கும். பாலியஸ்டர் மின்கடத்தாப் பொருள், உரசி ஏறிய மின்னூட்டம் நூலிலேயே தங்கும். சேலத்து மார்ச் வறட்சியில் இன்னும் அதிகம். அறை ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்கு மேல் வையுங்கள். ஆனால் பாலியஸ்டர் அரை சதவீத ஈரம்கூட உறிஞ்சாது. அதனால் நூல்களைப் பிரித்து வரிசையாக விடும் சீப்புக்கு அருகே அயனைசர் பார் (காற்றை அயனியாக்கி நூலின் மின்னூட்டத்தை நீக்கும் பட்டை) பொருத்துவதே சரியான தீர்வு.