கொரங்காட்டைக் காக்க உதவி எங்கே கிடைக்கும்? கேள்வி பதில்

காங்கயம் வட்டாரக் கால்நடை மருந்தகங்களில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வீட்டில் இன்னும் கொரங்காடு வைத்திருக்கிறோம். கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும் புல்லும் வளர்த்து ஆடு மாடு மேய்க்கும் சொந்த நிலம்தான் கொரங்காடு; சுருக்கமாகக் காடு என்போம். மேய்ச்சல் நிலத்துக்கான நிதியுதவி பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

மூலனூர் விவசாயி: எங்கள் பன்னிரண்டு ஏக்கர் கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் அற்றுப்போய், ஆவாரைதான் நிற்கிறது. புல்லை மீட்க மானியம் உண்டா அண்ணா?

மத்திய அரசின் திட்டமான தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. தரிசு, மேய்ச்சல் நிலம், சாகுபடிக்கு உதவாத நிலம் ஆகியவற்றில் தீவனம் வளர்க்க மாநில அரசுகளுக்கு உதவலாம் என்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. பணம் மாநிலத்தின் வழியாக வருவது. உங்கள் கணக்குக்கு நேரே கேட்க முடியாது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, கால்நடை உதவி மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். ஊரின் செடிகொடி, உயிரினங்களை எழுதிவைக்க ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் கொரங்காட்டையும் பதியச் சொல்லுங்கள். நாளை ஒரு திட்டம் வரும்போது, இங்கே மேய்ச்சல் நிலம் இருக்கிறது என்பதற்கு அது சான்றாக நிற்கும்.

ஆனால் தம்பி, மானியத்துக்காக இந்த மழையை விட்டுவிடாதீர்கள். புல் நன்றாக இருக்கும் காட்டுக்குப் போய், கதிர் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் இரண்டு விரலால் உருவிப் பாருங்கள். பஞ்சு போல் கையோடு வரும். அன்றே விதைத்தால் ஏமாந்துபோவீர்கள். புது விதைக்கு உறக்கம் உண்டு, சில மாதங்கள் சாக்கில் கிடக்க வேண்டும். பிறகு மணலோடு கலந்து, ஐப்பசி மழையை ஒட்டி மேலாகத் தூவுங்கள். ஆழத்தில் விழுந்த விதை மேலே வராது. முளைத்த புல் ஒரு தடவை கதிர் விட்டு உதிரும்வரை கடவை, அதாவது வேலி வாசலை, ஆடு மாட்டுக்குத் திறக்கவே கூடாது. கொரங்காடு கெட்டுப்போன இடங்களில் நான் பார்த்த காரணம் பெரும்பாலும் இந்த அவசரம்தான்.

வெள்ளகோவில் வாசகர்: ஆட்டுப்பண்ணைக்குப் பாதி மானியமாமே?

உண்மைதான். அதே இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடா என்ற அளவிலிருந்து தொடங்கி, 500 பெட்டை, 25 கிடா வரை 50 சதவீத மூலதன மானியம் உண்டு. உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். மீதியை வங்கிக் கடனாகவோ கைப்பணமாகவோ நீங்கள்தான் போட வேண்டும். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. மானியம் ஆட்டின் எண்ணிக்கையை வைத்து வருகிறது, புல்லோ பெய்த மழையை வைத்து வருகிறது. காடு தாங்காத ஆட்டை மானியத்துக்காக வாங்கிக் கட்டினால், இரண்டு கோடையில் மண் தெரியும்.

சிறு கடன் போதும் என்றால் கிசான் கடன் அட்டை இருக்கிறது. 2018-19 முதல் ஆடு, மாடு வளர்ப்புக்கும் தருகிறார்கள். 2 லட்சம் ரூபாய் வரை, தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான்.

தாராபுரம் கல்லூரி மாணவி: கொரங்காட்டை ஆய்வு செய்ய நிதி கிடைக்குமா ஐயா?

கட்டாயம் முயன்று பார் அம்மணி. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு உன் பேராசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறையையும், பொட்டனேரியில் உள்ள மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தையும் போய்ப் பார். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது, விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடு.

பணம் வருவதற்கு முன்பே தொடங்க ஒரு வேலை சொல்கிறேன். ஒரு மீட்டர்ச் சதுரத்தில் மூங்கில் சட்டம் கட்டிக்கொள். அதைக் காட்டில் பத்து இடங்களில் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்துக் காயவைத்து எடை போடு. ஆடு விடும் முன் ஒரு தடவை, விட்ட பின் ஒரு தடவை. இரண்டு பருவத்துக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போனால் உன் பேச்சுக்கு மதிப்பு வேறு.

குண்டடம் வாசகர்: சூரிய மின்சக்தி நிறுவனம் ஒன்று குத்தகைக்குக் கேட்கிறது. வெள்வேல மரங்களை வெட்டித் தர வேண்டுமாம். என்ன செய்ய?

கடன் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து யோசிப்பவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கணக்கை மட்டும் முழுதாகப் போடுங்கள். கோடையில் புல் கருகிக் கிடக்கும்போது ஆட்டுக்குச் சோறு போடுவது வெள்வேலங்காய்தான். காற்றடித்துக் காய் உதிரும் சத்தத்துக்கே பட்டி முழுக்கத் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதற்குப் பதிலாகத் தீவன மூட்டை வாங்கினால் ஆண்டுக்கு என்ன ஆகும் என்று பார்த்து, குத்தகைத் தொகையிலிருந்து கழியுங்கள். குத்தகை பேச வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கொடுத்தே தீர வேண்டும் என்றால், மரம் அடர்ந்த பக்கத்தை விட்டுவிட்டு மற்றதைக் கொடுங்கள். கிளுவை வேலியைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். போத்து (வெட்டிய கிளை) நட்டு, ஆட்டுக்குட்டி நுழையாத அளவுக்கு வேலி அடையப் பல ஆண்டுகள் ஆகும். கையெழுத்துப் போடும் முன் நகலை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.