ஆயில் மாற்றிய பிறகு டிப்ஸ்டிக் காட்டும் அளவை எப்போது நம்பலாம்?

கேள்வி: வணக்கமுங்க. சத்தியமங்கலத்தில் இருக்கிறேன். என்னுடையது பிஎஸ்-6 டீசல் கார். போன வாரம் பட்டறையில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். ஊற்றியதும் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மேல் கோட்டுக்குச் சரியாக நின்றது. வீட்டுக்கு வந்து வாசலில் நிறுத்தி உடனே பார்த்தால் பாதிக்குக் கீழே! பயந்துபோய் அரை லிட்டர் வாங்கி ஊற்றினேன். மறுநாள் காலையில் மேல் கோட்டையே தாண்டிவிட்டது. "கொஞ்சம் சேர்த்தி இருந்தா நல்லதுதானுங்க" என்கிறார் மெக்கானிக். வாரம் ஒருமுறை தாளவாடி போய்வர வேண்டும். அப்படியே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். கூடுதல் ஆயிலை எடுத்துவிட்டுத் தாளவாடிக்குப் போகும் திம்பம் மலைப்பாதையில் ஏறுங்கள். மெக்கானிக் சொல்வதை நான் ஏற்கவில்லை.

மூன்று முறை பார்த்திருக்கிறீர்கள். முதல் இரண்டுமே பார்க்கக் கூடாத நேரம். பட்டறையில் பார்த்தபோது புது ஃபில்டர் காலியாக இருந்தது, ஊற்றிய ஆயில் முழுவதும் கீழே சம்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நின்றது. இன்ஜினை ஓட்டிய பிறகுதான் ஃபில்டர் நிரம்பும். அதற்கே வண்டியைப் பொறுத்து 200 முதல் 500 மில்லி வரை போய்விடும். வீட்டு வாசலில் பார்த்தது இன்ஜினை நிறுத்திய கையோடு; ஆயிலில் ஒரு பங்கு மேலே வால்வுப் பக்கம் இருந்து இன்னும் வடிந்து இறங்கவில்லை. போதாததற்கு நம் ஊர் வாசல்கள் பெரும்பாலும் மழைத்தண்ணீர் ரோட்டுக்கு ஓடட்டும் என்று சரிவாகப் போட்டவை. வண்டி சரிந்து நின்றால் சம்புக்குள் ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கும். நீங்கள் பார்த்ததில் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது காலையில் பார்த்ததுதான்.

ஃபில்டருக்கு 300 மில்லி போயிருந்தால் உண்மையில் மேல் கோட்டுக்கு 300 மில்லிதான் குறைவு. நீங்கள் 500 ஊற்றினீர்கள். ஆக 200 மில்லி அதிகம். பல கார்களில் கீழ் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள்.

ஆயில் மாற்றிய அன்று இப்படிச் செய்ய வேண்டும். கையேட்டில் ஃபில்டருடன் சேர்த்துச் சொல்லியிருக்கும் அளவைவிடச் சற்றுக் குறைத்து ஊற்றி, இன்ஜினை ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு அணையும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். நிறுத்திவிட்டு, சமதளத்தில் பத்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை உருவித் துடையுங்கள். பஞ்சு வேஸ்ட் வேண்டாம், நூல் ஒட்டி உள்ளே போகும். திருப்பூர் பனியன் துணியே போதும். முட்டும்வரை செருகி மறுபடி உருவிப் பாருங்கள். முதல் உருவலில் குழாய்ச் சுவரில் இருந்த ஆயிலும் கம்பியில் இழுபட்டு வரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கம்பியின் இரண்டு பக்கமும் வேறுவேறாகக் காட்டினால், குறைவாகக் காட்டும் பக்கமே சரி. சூடாகப் பார்ப்பதா, ஆறிய பிறகா என்று கையேடு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நாலு லிட்டர் ஆயில் 70 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 200 மில்லி விரியும்.

சேர்த்தியாக இருந்தால் என்ன ஆகும்? இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் சுற்றும்போது ஆயிலில் அடிபட்டு, மத்தில் கடைந்த மோர்போல் நுரைக்கும். ஆயில் பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கும். பேரிங்குக்குப் போகும் அழுத்தம் குறையும். ஆயில் சீல் கசியலாம். அளவு ரொம்ப மீறினால், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் வழியாக ஆயில் காற்றுக் குழாய்க்குள் போய், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடலாம். 200 மில்லியில் அது நடக்காது. ஆனாலும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஆயில் அப்படியும் இப்படியும் அலையும் பாதையில் எதற்குச் சோதனை? குறைவாக இருந்தாலும் அங்கேதான் ஆபத்து. வளைவில் ஆயில் ஒதுங்கினால் பம்பின் வாய் காற்றை இழுக்கும். டேஷ்போர்டு விளக்கு அழுத்தம் விழுந்த பிறகே எரியும், அளவு குறைவதை முன்கூட்டிச் சொல்லாது. எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

கூடுதல் ஆயிலை எடுக்க, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது டிப்ஸ்டிக் துளை வழியே மெல்லிய டியூப்பை விட்டுப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சலாம். வாயால் உறிஞ்ச வேண்டாம். டியூப் இறங்காவிட்டால் பட்டறையில் டிரெயின் நட்டைத் தளர்த்தி எடுக்கச் சொல்லி, புது வாஷர் போடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு மேல் கோடுவரைகூட வேண்டாம். முக்கால் அளவில் நிறுத்துங்கள். பிஎஸ்-6 டீசலில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதல் டீசல் தெளிக்கப்படும். டவுனுக்குள்ளேயே குட்டிக் குட்டி ஓட்டமாக ஓட்டி, அந்த வேலை பாதியில் நின்றுபோனால் கொஞ்சம் டீசல் சம்பில் கலக்கும். ஊற்றாமலே ஆயில் அளவு ஏறும். வாராவாரம் தாளவாடி போவது அந்த வகையில் நல்லதே.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டர் அடியிலும் டிரெயின் நட்டிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் ஒட்டியிருக்க, அதன்மேலேயே புதியதை மாட்டினால் அங்கே ஒழுகும். அதன்பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் நிறுத்தி அளவைப் பாருங்கள். டீசல் ஆயில் சீக்கிரம் கறுப்பது இயல்பு. ஆனால் அளவு ஏறிக்கொண்டே போய் டீசல் வாடை அடித்தாலோ, ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறினாலோ பட்டறைக்குக் கொண்டுபோங்கள்; இரண்டாவதில் கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அந்த வண்டியை ஓட்டிப் போகாமல் கட்டி இழுத்துப் போங்கள்.