டாக்டர் பதில்கள்: பழைய ரிப்போர்ட் இருக்கிறதா?

"சிறுநீரகம் பற்றிக் கேளுங்கள்" என்று போன இதழில் ஒரு வரி போட்டாலும் போட்டார் ஆசிரியர், சேலம் குகைப் பகுதியில் இருக்கும் என் கிளினிக் மேசை கடிதங்களால் நிறைந்துவிட்டது. முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே விஷயம்: "கிரியாட்டினின் இவ்வளவு இருக்கிறது, பயப்பட வேண்டுமா?" சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுதான் கிரியாட்டினின்; சிறுநீரகம் தளர்ந்தால் அது ரத்தத்தில் ஏறும். எண்ணை எழுதியவர்கள் யாரும் தேதியை எழுதவில்லை. தேதி இல்லாத கிரியாட்டினினை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்? முழு விவரத்தோடு வந்த சில கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் தீயை ஊதிப் பற்றவைக்கும் ஊது வேலை செய்கிறேன். வயது 34. சித்திரையில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. உடம்பு வலிக்கு மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டேன். நான்காம் நாள் சிறுநீர் சரியாகப் போகவில்லை. கிரியாட்டினின் 3.8 என்று அட்மிட் செய்தார்கள். ஐந்து நாளில் 2.1 ஆகியிருக்கிறது. கிட்னி போய்விட்டது, இனி ஆயுளுக்கும் டயாலிசிஸ்தான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா?*
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

தம்பி, முதலில் சொந்தக்காரர்களை வெளியே உட்காரச் சொல்லுங்கள். 3.8 என்பது 2.1க்கு இறங்கியிருக்கிறதே, அதுவே பாதிப் பதில். நாள்பட்டுக் கெட்ட சிறுநீரகம் ஐந்து நாளில் இப்படி இறங்காது. உங்களுக்கு வந்தது திடீர்ச் சிறுநீரக பாதிப்பு. போன வருடம் காப்பீட்டுக்காகவோ வேறு எதற்காகவோ ரத்தம் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டைத் தேடிப் பாருங்கள். அதில் 0.9, 1.0 என்று இருந்தால் நான் சொல்வது உறுதியாகிவிடும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விட்டு, மீதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இதற்கு ரத்த ஓட்டம் குறையாமல் இருக்க வேண்டும். நீங்கள் ஊது வேலைக்காரர். ஃபேன் போட்டால் தீ அலையும் என்று நிறுத்திவிட்டு, சேலத்துச் சித்திரை வெயிலில் நெருப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். வேர்வையில் பாதி நீர் போயிருக்கும். வயிற்றுப்போக்கில் மீதி. இப்படி வற்றும்போது, சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் வாசலைத் திறந்து பிடித்துக்கொள்ள உடம்பு சில வேதிப்பொருட்களைச் சுரக்கும். செட் மாத்திரையில் பெரும்பாலும் இருக்கும் டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை அந்தச் சுரப்பைத்தான் தடுக்கிறது. வாசல் சாத்திக்கொண்டது. வெறும் வயிற்றுப்போக்கு என்றால் சமாளித்திருக்கும், வெறும் மாத்திரை என்றாலும் அநேகமாகச் சமாளித்திருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் வினை.

உங்களைச் சேர்த்தவர்கள் செய்ததுதான் சரியான வைத்தியம்: இழந்த நீரை அளவு பார்த்து ஏற்றுவது, மாத்திரையை நிறுத்துவது, சிறுநீரை அளந்து எழுதுவது. இப்படி வந்தவர்களில் சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதல்ல. பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் கெடுத்தால், நுரையீரலில் நீர் கோத்தால், ரத்தத்தில் அமிலம் கூடினால், நினைவு தடுமாறினால் செய்வார்கள். அப்படியே செய்தாலும் பலருக்குச் சில வாரங்களில் நின்றுவிடும். "ஒரு தடவை மிஷினில் போட்டால் விட முடியாது" என்ற பேச்சை நம்பி, வேண்டிய நேரத்தில் மறுத்து உயிரை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துக் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்த்து எனக்கு எழுதுங்கள். அப்போதும் குறைபாடு தங்கியிருந்தால்தான் அதை நாள்பட்டது என்போம். அதுவரை வலி மாத்திரை கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். இன்னொன்று, பட்டறையில் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலந்திருக்கிறதா என்று முதலாளியிடம் கேளுங்கள். அந்தப் புகை வருடக்கணக்கில் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அரிக்கும். கேட்டால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

*அம்மாவுக்கு 61 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. கிரியாட்டினின் 1.7. ஆறு மாதமாகச் சர்க்கரை தானாகவே இறங்குகிறது, சில நாள் மயக்கம்கூட வருகிறது. நோய் குறைகிறது என்று சந்தோஷப்பட்டோம். சிறுநீரக டாக்டரோ பிரஷரே இல்லாதவருக்கு டெல்மிசார்டான் எழுதுகிறார். அதைச் சாப்பிட்டதும் கிரியாட்டினின் 1.9 ஆகிவிட்டது. நிறுத்திவிட்டோம். சரிதானே?*
— மகள், ஆத்தூர்

சரியில்லை அம்மா. இரண்டு விஷயத்தையும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை, யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்சுலினையும், சில சர்க்கரை மாத்திரைகளையும் உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளரும்போது மருந்து உள்ளேயே தங்கி, பழைய அளவே அதிகமாகிவிடுகிறது. சர்க்கரை இறங்குவது அதனால்தான் இருக்கும். மயக்கம் வருகிறது என்றால் இந்த வாரமே மாத்திரை அளவை மாற்றியாக வேண்டும்.

1.7 என்பது பார்க்கச் சின்ன எண். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, ஆகவே அதை வயதோடும் ஆணா பெண்ணா என்பதோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதே 1.7 முப்பது வயது ஆணுக்கு இருந்தால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 55 மில்லி என்று கணக்கு வரும். உங்கள் அம்மாவுக்குச் சுமார் 34. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம்.

டெல்மிசார்டான் பிரஷருக்கு மட்டுமல்ல. சர்க்கரை நோயில் வடிகட்டிக்குள் அழுத்தம் கூடி ஆல்புமின் ஒழுக ஆரம்பிக்கும். அந்த அழுத்தத்தை இது இறக்குகிறது. அழுத்தம் இறங்கினால் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். 30 சதவீதம் வரை ஏறினால் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை, இங்கே ஏறியது 12 சதவீதம்கூட இல்லை. தொடங்கி ஓரிரு வாரத்தில் பொட்டாசியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். டாபாக்ளிஃப்ளோசின் என்ற மருந்தையும் கேட்டுப் பாருங்கள். சர்க்கரைக்கென்று வந்தது, இப்போது சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைப்பதற்காகவே தருகிறோம். வாந்தி பேதி வந்தால் இந்த இரண்டு மருந்தையும் அந்தச் சில நாளுக்கு நிறுத்திவைக்க வேண்டும். எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை உங்கள் டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள்.

இந்த நோய் வலிக்காது. அதுதான் தொல்லை. என் அப்பா இதே குகையில் பட்டுத்தறி நெய்தவர். தறிக்குழியில் கால் போட்டுப் போட்டு முழங்கால் வலி, வலிக்கு மாத்திரை, பதினைந்து வருடம். டாக்டருக்குப் படித்த மகன் நான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவேன். பாவுக்கு மேலே மாடத்தில் இருந்த அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் படித்ததில்லை. 1991இல் சாப்பாடு பிடிக்கவில்லை, கால் வீங்குகிறது என்றார். கிரியாட்டினின் 7.4. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் ஏழரை சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருந்தன, பத்துக்கு மேல் இருக்க வேண்டியவை. அதற்கு முன் எடுத்த பரிசோதனை ஒன்றுகூட இல்லை. ஒரு வருடம் இருந்தார். உங்கள் அம்மாவுக்கு 34 மீதி இருக்கிறது, கையில் சீட்டும் இருக்கிறது. திரும்பப் போய் டாக்டரைப் பாருங்கள்.

*அப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து மேஸ்திரி. வயது 57. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குச் சேலம் இறங்குகிறோம். திரும்பும்போது வளைவுகளில் வாந்தி, தலைசுற்றல். வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் இருக்கிறதாமே? தோட்டத்தில் பழுக்கும் பழங்களைச் சாப்பிடலாமா?*
— மகன், ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவு யாருக்கும் தலை சுற்றும். ஆனால் டயாலிசிஸ் முடிந்த கையோடு ஏறுபவருக்குப் பிரஷர் இறங்கியும் இருக்கலாம். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எத்தனை கிலோ எடை ஏறுகிறார் என்று பாருங்கள். மூன்று, நான்கு என்றால், அவ்வளவு நீரையும் நாலு மணி நேரத்தில் இழுக்கும்போது பிரஷர் விழத்தான் செய்யும். முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர், அவ்வளவுதான் அவருக்குத் தண்ணீர். காப்பியும் ரசமும் அதற்குள்தான். உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் முடியாது, தாகம் விடாது. வாரம் மூன்று முறை செய்வதுதான் வழக்கமான அளவு. இரண்டு போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டு டயாலிசிஸ் உண்டு. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதியதை விட வேண்டும். நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி. வயிற்றின் உள்ளுறையே வடிகட்டியாக வேலை செய்கிறது. கரண்டும் வேண்டாம், மிஷினும் வேண்டாம். மலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி என்பது என் அபிப்பிராயம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்கான பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவில் கேளுங்கள். மிஷினில் செய்வதற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் கை சுத்தம் முக்கியம். சாத்திய அறை, ஓடாத ஃபேன், சோப்புப் போட்டுக் கழுவிய கை. வடியும் திரவம் கழுநீர் மாதிரி கலங்கலாக வந்தால் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம், விடியட்டும் என்று காத்திருக்காமல் இறங்கி வந்துவிடுங்கள்.

பழம். மாம்பழம், ஆரஞ்சு, பலா, வாழை எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். மேஸ்திரிக்கு ஆரஞ்சு கூடாது என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஆப்பிள், கொய்யா என்று கேட்பீர்கள்: ஆப்பிள் ஒரு துண்டு சரி, கொய்யா வேண்டாம். இளநீர் கூடவே கூடாது. காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் ஊற வைத்து, வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். நட்சத்திரப் பழம் என்று சாலையோரம் விற்பார்களே, குறுக்கே வெட்டினால் ஐந்து முனை தெரியும், அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதில் உள்ள நஞ்சு நமக்குச் சிறுநீரில் போய்விடும். டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு பழமே போதும், நிற்காத விக்கல் எடுக்கும், பிறகு குழப்பம், வலிப்பு. டயாலிசிஸ் நோயாளிக்கு விக்கல் நிற்கவில்லை என்றால் அந்தப் பழம் சாப்பிட்டாரா என்று கேட்பது என் வழக்கம்.

*கஞ்சமலையில் மூலிகை கொடுக்கும் ஒருவர் மூன்று மாதத்தில் கிரியாட்டினினை இறக்குவதாகச் சொல்கிறார். சாப்பிடலாமா?*
— வாசகர், இளம்பிள்ளை

மலையில் நல்ல மூலிகைகள் உண்டு, சித்த மருத்துவம் முறையாகப் படித்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சீட்டில் பெயர் எழுதாமல் பொட்டலம் கட்டித் தரும் எதையும், அது ஆங்கில மருந்தானாலும், சிறுநீரக நோயாளி சாப்பிடக் கூடாது. பெயர் தெரியாத செந்தூரப் பொடி மருந்தில் பாதரசமோ ஈயமோ இருந்தால் மீதி இருப்பதும் போய்விடும். நல்ல மருந்து என்று நினைத்துக் குடிக்கும் வாழைத்தண்டுச் சாற்றிலும் பொட்டாசியம் உண்டு.

*வயலில் அண்ணனைக் கண்ணாடி விரியன் கடித்தது. விஷமுறிவு ஊசி போட்டுப் பிழைத்தார். மூன்றாம் நாள் சிறுநீர் நின்று டயாலிசிஸ் செய்தார்கள். பாம்புக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?*
— வாசகர், ஓமலூர்

விரியன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்து, சிறுநீரகத்தையும் தாக்கும். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்திருப்பார்களே, உறைகிறதா என்று பார்க்கத்தான். பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை, ஆகவே அண்ணனும் மூன்று மாதத்தில் ரத்தம் கொடுக்க வேண்டும். அடுத்த முறை யாரைக் கடித்தாலும் கயிறு கட்டி, கீறி, மந்திரித்து நேரத்தைப் போக்காதீர்கள். ஊசி எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

*அப்பாவுக்குச் சிறுநீரக நோய். சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு போடலாமா? மாலையில் தட்டுவடை செட் இல்லாமல் அவரால் இருக்க முடியாது.*
— வாசகி, அம்மாப்பேட்டை

இந்துப்பும் உப்புத்தான் அம்மா, நிறம்தான் வேறு. எந்த உப்பானாலும் நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. 'சோடியம் குறைவு' என்று அச்சிட்டு வரும் உப்பு இன்னும் ஆபத்து, அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். தட்டுவடை செட்டில் வடையிலும் உப்பு, இரண்டு சட்னியிலும் உப்பு. மாதத்துக்கு ஒரு நாள், சட்னியைக் குறைத்துப் போடச் சொல்லி வாங்கிக் கொடுங்கள். கடைக்காரர் முறைப்பார். என்னையும் முறைக்கிறார்.