மருத்துவர் பதில்: கத்தரி கைநழுவிய பத்து நிமிடம்

அம்மாவுக்குப் பதினொரு தொந்தரவு என்று நம்பர் போட்டு எழுதியிருக்கிறீர்கள். முதலில் தலைவலி, அடுத்து கால் மரத்துப்போவது, கண் துடிப்பது, காதில் இரைச்சல் என்று வரிசையாகப் போய், ஒன்பதாவதாக ஒரே ஒரு வரி: "போன செவ்வாய் பீடி இலை வெட்டும்போது கத்தரி கைநழுவி விழுந்தது, கொஞ்ச நேரம் பேச்சும் குழறியது, பிறகு சரியாகிவிட்டது." அதோடு விட்டுவிட்டு முடி கொட்டுவதற்குப் போய்விட்டீர்கள். மற்ற பத்தையும் ஓரமாக வையுங்கள். எனக்கு அந்த ஒன்பதாவது போதும், அது பக்கவாதத்தின் எச்சரிக்கை.

கடிதம் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. அச்சில் பதில் வரட்டும் என்று காத்திருக்கிற சங்கதி இல்லை இது. அன்றைக்கே நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினேன். முக்கூடல் வீட்டில் அம்மாதான் எடுத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார், புள்ளதான் செல்லப் பாத்துப் பாத்துப் பயப்படுது" என்றார். துருவித் துருவிக் கேட்டதில்தான் விவரம் வந்தது. வலது கை. விழுந்த கத்தரியை எடுக்கக் குனிந்திருக்கிறார். விரல் கத்தரியைத் தொடுகிறது, ஆனால் அதன் வளையத்துக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த மயினி "என்னாச்சு?" என்று கேட்டதற்கு வாயில் வந்தது வேறு என்னமோ. வாய் இடது பக்கமாக இழுத்திருந்ததாம். பத்து நிமிடம். அதற்குப் பிறகு ஒரு காப்பியைக் குடித்துவிட்டுத் தட்டை மடியில் எடுத்து வைத்து, அன்றைய ஆயிரம் பீடியைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் எழுந்தாராம்!

சரியாகிவிட்டது என்பதுதான் உங்கள் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஒரு சிறு ரத்தக்கட்டி வந்து அடைத்தது, கரைந்தோ நகர்ந்தோ வழிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. கட்டி எங்கிருந்து வந்ததோ, அந்த இடம் அப்படியே இருக்கிறது. இதை 'மினி ஸ்ட்ரோக்' என்கிறார்கள். மினி என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது, கேட்டவுடன் ஆளுக்கு அலட்சியம் வந்துவிடுகிறது. இப்படி வந்து போனவர்களைச் சிகிச்சை இல்லாமல் விட்டால், 100 பேரில் சுமார் 10 பேருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வருகிறது. அதில் பாதிப் பேருக்கு முதல் 2 நாளிலேயே. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையில் உங்கள் அம்மா தப்பியது அதிர்ஷ்டம். ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி வந்து போனவர்களை உடனடியாகப் பார்த்து அன்றே மருந்தைத் தொடங்கியபோது அந்தப் பத்து சுமார் இரண்டாக இறங்கியது. புது மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. இருக்கிற மருந்தைச் சீக்கிரம் கொடுத்தார்கள்.

நோயாளி போகிறபோக்கில் சொல்லும் ஒரு வரியை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்று தோன்றலாம். பக்கவாத மருத்துவமே ஒரு பாதி அப்படித்தான் பிறந்தது. 1950ஐ ஒட்டி கனடாவின் மான்ட்ரியலில் மில்லர் ஃபிஷர் என்றொரு நரம்பியல் மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் மூன்றரை வருடம் கைதியாக இருந்து மீண்டவர். ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன நோயாளி ஒருவர் அவரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: வாதம் வருமுன் சில தடவை ஒரு கண் இருண்டு இருண்டு தெளிந்தது, ஆனால் அது எதிர்ப்பக்கத்துக் கண், பொருத்தமே இல்லை என்று. இன்னொருவராக இருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். ஃபிஷர் யோசித்தார். மூளையின் ஒரு பாதி எதிர்ப்பக்கத்துக் கை காலை ஆள்கிறது, கண்ணோ தன் பக்கத்து ரத்தத்தையே குடிக்கிறது. இரண்டுக்கும் பொதுவான குழாய் கழுத்தில் ஓடுகிறது. பிறகு, இறந்துபோன ஒரு நோயாளியின் கழுத்தைத் திறந்து பார்த்தபோது அந்தக் குழாய் அடைத்துக் கிடந்தது. 1951இல் அதை எழுதினார். அதுவரை மூளைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகுதான் கழுத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மாவின் கழுத்தில் ஜெல் தடவி, குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களே, அதன் வேர் அந்த ஒரு வரிதான்.

அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த மூளை ஸ்கேனில் 'சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள்' என்று இருப்பதைப் பார்த்து, குழாய் வெடித்துவிடுமோ என்று நெட்டில் தேடி ராத்திரி தூங்கவில்லை என்கிறீர்கள். குழாய் பலூன்போல் வீங்கி வெடிப்பது வேறு நோய். இது அது இல்லை. பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் மயிரிழைக் குழாய்கள் தடித்துப்போகின்றன. அதையும் அறுபதுகளில் விளக்கியவர் அதே ஃபிஷர்தான். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்கள் தேடியிருக்க வேண்டியது இணையத்தை இல்லை, அம்மாவின் மாத்திரை டப்பாவை. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021இல் வந்ததிலிருந்து பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. உங்கள் வீட்டில் அது பிரிக்காத அட்டையாக டி.வி. பக்கத்தில் அடுக்கிக் கிடக்கிறது. ஏனென்று கேட்டால், "பி.பி. நார்மல்னு சொல்லிட்டாவ, அதான் நிறுத்திட்டேன்." மாத்திரை சாப்பிட்டதால்தான், அம்மா, அது நார்மல் ஆயிற்று!

இப்போது ஆஸ்பிரினுக்கு வருகிறேன். கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்துவிட்டு மெடிக்கலில் ஒரு அட்டை வாங்கி, செவ்வாய் ராத்திரியே ஒன்று கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கை விழுவது அடைப்பாலும் வரும், மூளைக்குள் ரத்தம் கசிவதாலும் வரும். சி.டி. ஸ்கேன் எடுக்காமல் இது எதனால் என்று நானும் சொல்ல மாட்டேன், எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் சொல்ல மாட்டார். கசிவாக இருந்தால் நீங்கள் கொடுத்த மாத்திரை எரிகிற அடுப்பில் எண்ணெய். தப்பித்தீர்கள்.

பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் விடுகிற வாட்ஸ்அப் வைத்தியத்தையும் கேட்டிருக்கிறீர்கள். ராதாபுரம் பக்கத்திலிருந்து வாதம் வந்த ஒரு தேங்காய் வியாபாரியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கையிலும் பத்துப் பொட்டு, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. காதையும் விடவில்லை. முதலில் குத்தி, பிறகு பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றி, பிறகு யாரோ சொன்னதால் புறா ரத்தம் தேய்த்து, எங்களிடம் வரும்போது ஏழு மணி நேரம். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் கட்டியை எடுப்பதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கலாம், அதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தத் தேங்காய் வியாபாரி இன்றைக்கும் இடக்கையால்தான் சாப்பிடுகிறார்.

குளிக்கும்போது தலையில் முதலில் தண்ணீர் ஊற்றினால் வாதம் வருமா என்று கேட்டதற்குப் பதிலே சொல்ல மாட்டேன். தாமிரபரணியில் தலைகீழாகக் குதித்து வளர்ந்த ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வியா இது? கண் துடிப்பது தூக்கக் குறைவு. சம்மணம் போட்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் கால் மரக்கும்.

நீங்கள் கடிதத்தில் எழுதாமல் எழுதியது ஒன்று இருக்கிறது. தாத்தா ஒன்பது வருடம் கயிற்றுக் கட்டிலில் கிடந்ததைக் கடைசிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவும் அப்படி விழுந்துவிடுவாரோ என்பதுதான் பதினொன்றுக்கும் அடியில் இருக்கிற பயம். தாத்தாவிடமிருந்து வருவது பி.பி. ஏறும் சுபாவம், கட்டில் பரம்பரையாக வருவதில்லை. தாத்தாவுக்கும் விழுவதற்கு முன் இப்படி வந்து போயிருக்கலாம், யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். நீங்கள் ஒன்பதாவதாகவேனும் எழுதினீர்கள்.

நான் பேசிய வெள்ளிக்கிழமை சாயந்திரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும், சி.டி.யில் கசிவு இல்லை, கழுத்துக் குழாயில் பெரிய அடைப்பு இல்லை, இ.சி.ஜி.யில் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது, பி.பி. மட்டும் 190/110 என்றும் சொன்னீர்கள். ஆக, குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க அங்கே எழுதித் தந்த இரண்டு மாத்திரையும் 21 நாள், அதன்பின் ஒன்று மட்டும். இருபத்திரண்டாம் நாள் 'கோர்ஸ் முடிந்தது' என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். பி.பி. மாத்திரை ஆயுசுக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுவதை அம்மா போனில் மறைத்தார், பேச்சிலேயே தெரிந்தது. அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

திரும்பவும் வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைச் சுவர்க் காலண்டரிலேயே எழுதிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறும். வழியில் சி.டி. இல்லாத எந்த இடத்திலும் வண்டியை நிறுத்த வேண்டாம்.

அம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "சனிக்கிழம கடைக்குப் பீடி கொண்டு போலாமா சார்?" இந்தச் சனிக்கிழமை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பி.பி. இறங்கியதும் தாராளமாகச் சுற்றட்டும், ஆனால் மணிக்கொரு தடவை எழுந்து நடக்க வேண்டும்.