‘ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கலாம்?’ – வாசகர் கேள்வி பதில்

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் பக்கம் இருக்கிற சிறு தொழிற்சாலைகளுக்குச் செலவுக் கணக்கிலும் சரக்கு இருப்பிலும் ஆலோசனை சொல்வது என் தொழில். அலுவலகம் கிடையாது, உதவிக்கு ஆள் கிடையாது, 14 வருடமாக நான் ஒருவன்தான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பணம் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: 11 வருடம் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்துவிட்டு, 80,000 ரூபாய் சம்பளத்தை விட்டுத் தனியாக வந்திருக்கிறேன். முதல் வாடிக்கையாளர் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டதும் 3,500 என்று சொல்லிவிட்டேன். சரியா? (வாசகர், ஆவடி)

பதில்: தப்பு தம்பி. 3,500 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 80,000-ஐ 22 வேலை நாளால் வகுத்திருப்பீர்கள், நானும் முதலில் அப்படித்தான் வகுத்தேன். ஆனால் மாதம் 22 நாளும் உங்களுக்கு யார் காசு தரப்போகிறார்கள்? வேலை தேடி அலைவது, கொட்டேஷன் எழுதுவது, பில்லைக் கொடுத்துவிட்டு அதன் பின்னால் நடப்பது, காய்ச்சலில் படுப்பது எல்லாம் போக, என் அனுபவத்தில் மாதம் பத்து நாளுக்குத்தான் பில் போட முடிகிறது, அதாவது வருடத்துக்கு 120 நாள். உங்கள் பழைய சம்பளம் வருடத்துக்கு 9,60,000. அதோடு இதுவரை கம்பெனி கட்டிவந்த பி.எஃப். பங்கு, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, லேப்டாப், பெட்ரோல் என்று குறைந்தது 2,40,000 சேருங்கள். மொத்தம் 12 லட்சம், 120-ஆல் வகுத்தால் நாளுக்கு 10,000. இது முன்னேற்றமே இல்லாத, பழைய சம்பளத்திலேயே நிற்பதற்கான கணக்கு. சொல்லும்போது வாய் கூசும், எனக்கும் கூசியது. ரயிலில் போகும்போது மனசுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் முதல்முறை கேட்டேன், அவர் மறுபேச்சில்லாமல் சரி என்றார்.

பேரம் பேசினால் நாள் கட்டணத்தைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். மூன்று நாள் வேலையை இரண்டு நாளாக்கி, எதையெல்லாம் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, பில் தொகையில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி, பிடித்துக்கொண்டு மீதியைத்தான் பெரும்பாலும் தருவார்கள். அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் பேரில் வரவாக இருக்கும்.

கேள்வி: பில் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. அக்கவுண்ட்ஸில் கேட்டால் ‘எம்.டி. இன்னும் கையெழுத்துப் போடவில்லை’ என்கிறார்கள். சண்டை போட்டால் அடுத்த வேலை போய்விடுமே? (வாசகர், பெரம்பூர்)

பதில்: முந்தின வேலைக்கே பணம் தராதவரின் அடுத்த வேலை உங்களுக்கு எதற்கு? எனக்கு இந்த விஷயத்தில் கோபம் இன்னும் ஆறவில்லை. நான் தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம் ஒரு நிறுவனம் ஏழு மாதம் இழுத்தடித்தது, அந்த ஜூன் மாதம் மகளுடைய பள்ளிக் கட்டணத்துக்கு என் மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு எனக்குச் சட்டம் தெரியாது, உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும். 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சேவை செய்கிற நமக்கும் இது உண்டு. ஆனால் ‘உத்யம்’ என்கிற, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு வேண்டும். இணையத்தில் இலவசமாகவே செய்யலாம், வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே செய்து எண்ணை பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். இப்படிப் பாக்கி வைத்த தொகையைக் கொடுக்காமலே செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது என்று வருமான வரி விதியும் வந்துவிட்டதால், மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பில்லைப் பற்றிக் கேட்பார். சண்டை எதற்கு, ஒரு மரியாதையான கடிதம் போதும், பில் தேதியும் உத்யம் எண்ணும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ‘சும்மாதானே இருக்கிறாய்’ என்று கேஸ் வாங்குவதிலிருந்து மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போவது வரை எல்லாம் என் தலையில். என்ன செய்வது? (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆண் வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தால் ‘அவர் மீட்டிங்கில் இருக்கிறார்’ என்று பிள்ளைகளை அடக்குகிற வீடுகளில்தான் இதுவும் நடக்கிறது. என் வீட்டிலும் நடந்தது, என் மனைவி தையல் வகுப்பு எடுத்த காலத்தில் கதவைத் தட்டிக் காபி கேட்டவன் நான், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போவது தேவையான வேலைதான், அதை உங்கள் கணவரும் அரை நாள் லீவு போட்டுச் செய்யலாம். வாரத்தில் உங்கள் வேலை நேரம் எத்தனை மணி, அதில் எத்தனை ரூபாய் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அதைப் படிக்கட்டும்.

கேள்வி: சிலை, ஓவியம் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். சம்பாதிக்கவே நேரம் போதாதவனுக்குக் கலை எதற்கு? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள், நான்கு பேர் பாறையை நகர்த்துகிற சிலை. 1959-இல் அங்கே வைத்தார்கள், செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அடுத்த முறை போகும்போது அந்த நால்வரின் முதுகையும் கெண்டைக்காலையும் மட்டும் பாருங்கள். மூட்டை தூக்கியவருக்கு அந்த உடம்பு புரிகிற அளவுக்கு எனக்குப் புரியாது.

அதே கல்லூரியின் இன்னொரு முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காக வரைவதை விட்டுவிடுகிறார்களே என்ற கவலையில் பிறந்ததுதான் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம், 1966-இல். அந்த ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றுகிற பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். விற்கிறதற்கு ஒரு கைவேலை, தனக்கென்று ஓவியம். நான் வேலையை விட்ட வருடம் அங்கே போய் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வாசலிலேயே வெகுநேரம் நின்றேன். மாதம் பத்து நாள் பில் போட்டால் போதும் என்று கணக்குப் போடும் துணிச்சல் அங்கேதான் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெழுகு வார்ப்பு முறையில் உலோகத்தை வார்க்கிற சிறிய ஃபவுண்டரி ஒன்றுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன், ரிஜெக்‌ஷன் அதிகம். ஒரு நாள் முதலாளியை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் வெண்கலச் சிலை முன்னால் நின்றவர் அசையவில்லை. அதுவும் மெழுகு வார்ப்புதான், சோழர் காலம். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண் அச்சை உடைக்க வேண்டும். அச்சு உடைந்துவிடுவதால் இன்னொன்று வேண்டுமென்றால் மெழுகிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். ‘இவ்வளவு கனம், ஒரு காற்றுக்குமிழ் தெரியவில்லையே சார்’ என்றார் அவர். 30 வருடமாக அதே வேலையைச் செய்கிறவர், முதல்முறையாக அங்கே வந்திருந்தார். அதற்கப்புறம் தன் பட்டறைப் பையன்களையும் கூட்டிப்போனார். வியாசர்பாடியிலிருந்து எழும்பூர் பக்கம்தானே, ஒரு முறை போய்வாருங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு ஆலோசகர்களுக்கு வேலை இருக்குமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: அறிக்கை எழுதிக் கொடுக்கிற வேலை குறையும். எந்த மெஷின் பக்கத்தில் ஸ்கிராப் குவிகிறது, இரவு ஷிஃப்டில் சூப்பர்வைசர் யாரிடம் பேசுவதில்லை என்பதை நடந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இன்னும் நடக்கிறேன்.

கேள்வி: மார்கழிக் கச்சேரி கேட்க ஆசை. டிக்கெட் வாங்க வசதியில்லை, சங்கீதமும் தெரியாது. வரலாமா? (வாசகி, ராயபுரம்)

பதில்: தாராளமாக வாருங்கள். மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள் பலவற்றில் காலையிலும் மதியமும் நடக்கிற கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது, மாலையில்தான் காசு. மதியம் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், கேட்க வருபவர் குறைவாக இருப்பார்கள், நீங்கள் ஒருவர் போய் உட்கார்ந்தாலே அவர்களுக்குச் சந்தோஷம். ராகம் பெயர் தெரியாமல்தான் நானும் ஐந்து வருடம் கேட்டேன். முன்வரிசை காலியாக இருந்தால் தயங்காமல் போய் உட்காருங்கள், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், ஏசி நன்றாகக் குளிரும்.